தேய்ந்த குழலும் தேயாத எண்ணும்

வேட்டை ரைஃபிளின் உறுப்புகளில் முதலில் மூப்படைவது குழல். மரத்தண்டும் பூட்டும் விசையும் மூன்று தலைமுறைக்கு உழைக்கும். குழலோ ஒவ்வொரு வெடிப்பிலும் தன் உட்சுவரில் சிறிதளவை இழந்துகொண்டே இருக்கும். தோட்டா அறையைத் தாண்டிய முதல் சில அங்குலங்களில் எரிவாயுவின் வெப்பம் எஃகை அரிக்கிறது. குழல்வாயில் சுத்தம் செய்யும் கம்பியும் கயிறும் அரிக்கின்றன. இடைப்பட்ட பகுதியைத் துரு பார்த்துக்கொள்கிறது. சில ஆயிரம் தோட்டாக்களுக்குப் பிறகு, வெளியே மெருகு குலையாத ஒரு ரைஃபிள், நூறு கெஜத்தில் தட்டளவு வட்டத்துக்குள்கூடக் குண்டுகளைச் சேர்க்க முடியாத நிலைக்கு வந்துவிடும். துப்பாக்கிப் புழக்கம் மிகுந்த நாடுகளில் அந்நிலையில் குழலை மாற்றுகிறார்கள். அங்கே அது வண்டிக்கு டயர் மாற்றுவது போன்ற வழக்கமான பராமரிப்பு. இந்தியாவில் அது அவ்வளவு எளிதாக நிகழ்வதில்லை. காரணம் தொழில்நுட்பக் குறைவு என்று பலர் கருதுகின்றனர். கொல்கத்தாவின் வரலாற்றைப் பார்த்தால் அக்கருத்து நிற்காது.

ஏனெனில் குழல் பற்றிய அறிவு இந்நாட்டில் எங்கேனும் செறிந்து கிடந்தது என்றால் அது ஹூக்ளிக் கரையில்தான். காசிப்பூரில் பீரங்கி ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதலாண்டுகளிலேயே எழுந்தது. டம்டம் படைக்கலச் சாலையில் 1890களில் கேப்டன் பெர்ட்டி-கிளே உருவாக்கிய விரியும் குண்டு அவ்வூரின் பெயரையே உலக மொழிகளுக்குக் கொடுத்து, 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டின் தடைக்கும் ஆளானது. நகருக்கு வடக்கே இஷாப்பூரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ரைஃபிள் ஆலை இயங்கி வருகிறது. அருகிலேயே உலோக, எஃகு ஆலை. டல்ஹௌசி சதுக்கத்தைச் சுற்றி மாண்டன், ரோடா போன்ற ஆங்கிலேய நிறுவனங்களும், தாவ் குடும்பத்தாரின் வங்காளிக் கடைகளும் வேட்டைத் துப்பாக்கிகளை விற்றன, பழுது பார்த்தன. அண்மைக் காலம் வரை நாட்டின் படைக்கல ஆலைகள் அனைத்தையும் ஆண்ட வாரியத்தின் தலைமையகமும் கொல்கத்தாவில்தான் இருந்தது. அந்த அலுவலகம் நின்ற சாலைக்கு, வெடிகுண்டு வழக்கில் 1908இல் தூக்கிலிடப்பட்ட குதிராம் போஸின் பெயர் இடப்பட்டிருப்பது வரலாறு தன்னையறியாமல் செய்துகொண்ட நகைச்சுவை.

ஆகவே இந்நகரத்தில் கேட்கத்தக்க கேள்வி, நல்ல குழலைச் செய்ய முடியுமா என்பதன்று. எது நல்ல குழல் என்பதை யார் முடிவு செய்தார்கள், எந்த அளவுகோலைக் கொண்டு என்பதுதான்.

அளவுகோல் என்ற சொல்லை வரலாற்றின் துணையோடு விளங்கிக்கொள்ள ஒரு பழைய நிகழ்வு உதவும். 1888இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளின் குழலில் ஏழு புரிகள் இருந்தன. அவை ஆழமற்றவை, விளிம்பு மழுங்கி வளைந்தவை. கரிமருந்தின் கசடு அவற்றில் எளிதில் தங்காது என்பதற்காக மெட்ஃபோர்டு அவ்வாறு அமைத்தார். அக்காலத்தின் கணக்குப்படி அது சிறந்த குழல். சில ஆண்டுகளில் கரிமருந்தின் இடத்தைக் கார்டைட் பிடித்தது. முதல் வகைக் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் மட்டும் 58 விழுக்காடு. அதன் வெப்பத்தில் மெட்ஃபோர்டின் மென்மையான புரிகள் விரைவாகக் கரைந்தன. 1895இல் என்ஃபீல்டு ஆலை, ஐந்து ஆழமான, சதுர விளிம்புடைய புரிகளைக் கொண்ட குழலைக் கொண்டுவந்தது. ரைஃபிள் ஏறக்குறைய அதே ரைஃபிள்தான். குழல் மாறியதால் பெயர் லீ-என்ஃபீல்டு ஆயிற்று. மருந்தும் பின்னர் திருத்தப்பட்டது: நைட்ரோகிளிசரின் 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட வகை வந்தது. நீலகிரியின் அருவங்காட்டில் எழுந்த ஆலைக்குக் கார்டைட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இந்தக் காலகட்டத்தில்தான். குன்னூர்ச் சரிவில் ஆன மருந்து ஹூக்ளிக் கரையில் ஆன குழலை அரித்தது எனலாம். ஒரே பேரரசின் இரு ஆலைகள்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது, ஆனால் இன்றும் பெரும்பாலும் மறக்கப்படுவது. தனித்து நிற்கும் நல்ல குழல் என்று ஒன்றில்லை. மருந்துக்கும் குண்டுக்கும் பருவநிலைக்கும் பராமரிப்பவரின் பழக்கத்துக்கும் பொருந்துவதே நல்ல குழல். மெட்ஃபோர்டு மோசமான பொறியாளர் அல்லர். அவருடைய குழல் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனை மாறிவிட்டது.

வங்காளத்தின் நிபந்தனை ஈரம். பழைய தோட்டாக்களின் வெடிமுனையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் குழலின் உள்ளே பொட்டாசியம் குளோரைடைப் படியவிடும்; சமையலுப்பின் நெருங்கிய உறவு. காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும். ஆடி, ஆவணி மாதங்களின் கொல்கத்தாக் காற்றில் இத்தகைய குழலை ஓரிரவு சுத்தம் செய்யாமல் வைத்தால் போதும். எண்ணெய் தடவுவதால் பயனில்லை, உப்பு எண்ணெயில் கரைவதில்லை. கொதிநீரை ஊற்றிக் கழுவி, சூட்டிலேயே உலரவிட்டு, அதன்பின் எண்ணெய் இடுவதே முறை. ஆங்கில வேட்டை நூல்கள் அதை வலியுறுத்தினாலும், அந்த வேலையைச் செய்தவர்கள் பெயர் பதிவாகாத பணியாளர்கள். புலியைச் சுட்டவரின் பெயர் நூலின் அட்டையில் இருக்கிறது. அவருடைய குழலை முப்பதாண்டு காத்தவரின் பெயர் எங்கும் இல்லை. தொழில்நுட்ப வரலாற்றைப் பயன்பாட்டின், பழுதின் வரலாறாகவும் எழுத வேண்டும் என்று இப்போது வற்புறுத்தும் அறிஞர்கள் தையல் இயந்திரத்தையும் மிதிவண்டியையும் தட்டச்சுப் பொறியையும் எடுத்துக்கொண்டார்கள். வேட்டைத் துப்பாக்கி அந்த வரிசையில் இடம்பெறத் தயங்குவதற்கு அறஞ்சார்ந்த கூச்சமும் ஒரு காரணமாகலாம். கூச்சம் புரிந்துகொள்ளத்தக்கது, ஆய்வுக்கு அது போதுமான காரணமாகாது.

அளவுகோலின் அடுத்த பகுதி சட்டம். 1907இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் .450 விட்டமுடைய தோட்டாக்களைத் தனியார் கொண்டுவரத் தடை விதித்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்கள் கிளர்ச்சியாளர் கைகளில் இருந்தன. வேட்டைக்காகக் கொண்டுவரப்படும் குண்டுகள் அவற்றுக்குப் பயன்படும் என்ற அச்சமே காரணம். லண்டன் துப்பாக்கிக் கலைஞர்கள் அந்தச் சந்தையை இழக்க விரும்பவில்லை. .465, .470, .475 என்ற புதிய விட்டங்கள் அடுத்தடுத்துப் பிறந்தன. இன்று ஆப்பிரிக்க வேட்டையின் அடையாளமாகக் கொண்டாடப்படும் .470 பிறப்பதற்கு இந்தியாவுக்கான ஓர் அரசாணையும் காரணம் என்பதை அதன் ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. யானையின் எலும்பு மாறவில்லை, எஃகும் மாறவில்லை. தடையைத் தாண்டுவதற்காக விட்டம் அங்குலத்தின் நூறில் ஒன்றிரண்டு பங்கு தள்ளிப்போனது.

.303 விஷயத்திலும் இதே கதை. அது ராணுவத் தோட்டா என்பதால் தனியாருக்கு மறுக்கப்பட்டது. அதன் இடத்தை நிரப்பியது .315 என்று இங்கே வழங்கப்படும் தோட்டா. இந்தியச் சிற்றூர்களின் வேட்டைத் துப்பாக்கி என்று கருதப்படும் இது உண்மையில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் படைகள் பயன்படுத்திய 8×50 மான்லிகர் தோட்டா. தன் படையின் தோட்டாவைக் குடிமக்களுக்கு மறுத்த அரசு, வேறொரு பேரரசின் படைத் தோட்டாவை அனுமதித்தது, களஞ்சியத்திலிருந்து திருடப்படும்.303 தோட்டா அதில் நுழையாது என்பதே அதன் தகுதி. விடுதலைக்குப் பின்னும் இந்தப் பகுப்பு நீடித்தது. இஷாப்பூர் ஆலை லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே .315 வேட்டை ரைஃபிள்களைச் செய்து விற்றது. நாடு விடுதலை பெற்றது. குழலின் விட்டம் பெறவில்லை.

விட்டத்துக்கு அடுத்து எண். 1914 ஆகஸ்ட் 26 அன்று ரோடா நிறுவனத்துக்காகக் கொல்கத்தாச் சுங்கத்தில் விடுவிக்கப்பட்ட 202 பெட்டிகளில் 192 மட்டுமே கிடங்கைச் சேர்ந்தன. மீதிப் பத்தில் 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. பெட்டிகளை எடுத்துவரச் சென்ற நிறுவன ஊழியர் சிரீஷ் சந்திர மித்ரா புரட்சியாளர்களின் ஆள். 44 துப்பாக்கிகள் உடனடியாக ஒன்பது குழுக்களுக்குப் பிரிந்து சென்றன என்று 1918இன் ரௌலட் குழு அறிக்கை கூறுகிறது. அதே அறிக்கை பதிவு செய்யும் இன்னொரு செய்தி இங்கே முக்கியமானது: ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணும் ரோடாவின் பேரேட்டில் இருந்தது. எங்கோ ஒரு கொலைக்களத்தில் கிடைத்த துப்பாக்கியை அந்தப் பெட்டிகளோடு இணைக்க முடிந்தது அந்த எண்ணால். வணிகரின் கையிருப்புக் கணக்கு காவல்துறையின் கண்ணாக மாறிய தருணம் அது.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தப் பார்வையின் வாரிசு. அதன் இரண்டாம் பிரிவு ஆயுதத்தின் பாகங்களையும் ஆயுதமென்றே வரையறுக்கிறது. ஐந்தாம் பிரிவின்படி உரிமமின்றி விற்பது மட்டுமல்ல, பழுது பார்ப்பதும் சோதிப்பதும் குற்றம். ஆறாம் பிரிவு குழலைக் குறுக்குவதைத் தடுக்கிறது. எட்டாம் பிரிவு எண்ணை அழிப்பதையும் மாற்றுவதையும் தடுக்கிறது. பதின்மூன்றாம் பிரிவு, தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ தரப்படும் புரியில்லாத் துப்பாக்கியின் குழல் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. இவற்றில் எதையும் தேவையற்றது என்று சொல்வதற்கில்லை. குறுக்கப்பட்ட குழல் மறைத்து எடுத்துச் செல்வதற்கன்றி வேறெதற்கும் ஆகாது. எண்ணழிந்த துப்பாக்கியை நேர்மையானவர் வைத்திருக்கக் காரணமில்லை. ஆயினும் இப்பிரிவுகளை வரிசையாகப் படிக்கும்போது ஒன்று புலப்படும். சட்டம் குழலின் நீளத்தை அளக்கிறது, விட்டத்தின் வகையை அளக்கிறது, எண்ணைச் சரிபார்க்கிறது. குழலின் உள்ளே அது ஒருபோதும் பார்த்ததில்லை.

இதன் விளைவு நடைமுறையில் தெரிகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தோட்டாவையும் பூட்டையும் தாங்கும் உடற்பகுதியே துப்பாக்கி. ரைஃபிள் குழல் வெறும் உதிரிபாகம், அஞ்சலில் வாங்கலாம். பிரிட்டனில் குழலும் கட்டுப்பாட்டுக்குட்பட்ட பாகம். எனினும் சான்றிதழில் உரிய பதிவைச் செய்து மாற்றிக்கொள்ளும் வழி நன்கு தெளிவாக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் கட்டுப்பாடு பிரிட்டனுடையது, வழியின் தெளிவு மட்டும் இல்லை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் இறக்குமதியும் ஏறக்குறைய மூடப்பட்டு, தேர்ந்த சுடுதல் வீரர்களுக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. எனவே கொல்கத்தாவிலோ டார்ஜீலிங்கிலோ பாட்டனாரின் .315ஐ உரிமத்தோடு வைத்திருக்கும் ஒருவர், உள்ளே அரித்துப்போன குழலை அப்படியே வைத்திருப்பதே எல்லாவற்றிலும் பாதுகாப்பானது என்று முடிவு செய்கிறார். எண் சரியாக இருக்கிறது; உரிமம் புதுப்பிக்கப்படுகிறது; குழல் சுடத் தகுதியற்றது.

இந்நிலையில், மாற்றுக் குழலைத் தேர்ந்தெடுப்பது பற்றி இணையத்தில் நிரம்பிக் கிடக்கும் அமெரிக்க அறிவுரை இந்திய வாசகருக்கு எவ்வளவு பயன்படும் என்ற ஐயம் எழும். அவ்வறிவுரை பெரும்பாலும் பெயர்களைப் பற்றியது: கிரீகர், பார்ட்லைன், ஷிலன், ஜெர்மனியின் லோதர் வால்தர். இவை உயர்ந்த பட்டறைகள் என்பதில் ஐயமில்லை. பெயரைக் கொண்டு தேர்வது பெயர்கள் சந்தையில் போட்டியிடும் நாட்டில் பொருளுடையது. ஒரே அரசு ஆலையின் முத்திரை பெரும்பகுதியை ஆளும் நாட்டில் அதற்குப் பொருள் குறைவு. இங்கே பயன்படுவது பெயருக்குப் பின்னால் இருக்கும் அளவு.

முதலாவதும் பிற எல்லாவற்றையும் விஞ்சுவதும் உள்விட்டத்தின் சீர்மை. சிறந்த குழலில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உள்விட்டம் அங்குலத்தின் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் மாறுவதில்லை. மனித மயிரிழையின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. விட்டம் சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ இருப்பது இரண்டாம் நிலைக் குறை. குண்டு செல்லும் வழியில் ஓரிடத்தில் தளர்ந்து மீண்டும் இறுகுவதுதான் முதல்நிலைக் குறை. முன்னோக்கிச் செல்லச் செல்ல விரிந்துகொண்டே போவது அதனினும் கேடு. காற்றழுத்த அளவியால் இதைக் காணலாம். அக்கருவி இல்லாதபோது பழைய பட்டறைக்காரர்கள் மென்மையான ஈயத் துண்டொன்றைக் குழலுக்குள் மெதுவாகத் தள்ளி, கையில் படும் தடையின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே உணர்ந்தார்கள். கையின் அறிவு என்று மானுடவியலாளர் எழுதுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

புரியை எப்படி வெட்டினார்கள் என்பது அடுத்த கேள்வி. ஒற்றை அலகால் ஒவ்வொரு புரியையும் சிறிது சிறிதாகச் சீவுவது பழைய முறை. நேரம் பிடிக்கும், ஆனால் எஃகில் புதிய இறுக்கத்தை ஏற்படுத்தாது. கடின உலோகக் குமிழை உள்ளே இழுத்துப் புரியை அழுத்திப் பதிப்பது இன்னொன்று. விரைவானது, உட்புறம் வழுவழுப்பாக அமையும். ஆனால் எஃகினுள் இறுக்கம் தங்கும். அதை வெப்பத்தால் தணிக்காமல் வெளிப்புறத்தைக் கடைந்து மெலிதாக்கினால் உள்விட்டம் அங்கங்கே விரியும். மூன்றாவது, உட்கம்பியின் மேல் குழலைச் சுத்தியல்களால் அடித்து உருவாக்குவது. இரண்டாம் உலகப் போரையொட்டி ஜெர்மனியில் வளர்ந்து, இன்று பெரும் ஆலைகளின் முறையாகிவிட்டது. இம்மூன்றில் எது சிறந்தது என்ற வாதம் முடிவற்றது, பெரும்பகுதி பயனற்றதும்கூட. மூன்றிலும் உயர்ந்த குழல்கள் உண்டு, மூன்றிலும் குப்பையும் உண்டு. வாங்குபவர் கேட்க வேண்டியது முறையின் பெயரை அல்ல. இறுக்கம் தணிக்கப்பட்டதா, கடைந்த பின் மீண்டும் அளந்தார்களா என்பதையே.

புரியின் சுற்று குண்டின் நீளத்தைப் பொறுத்தது. 1879இல் உல்விச் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் கிரீன்ஹில் இதற்கொரு எளிய சூத்திரம் தந்தார். நீண்ட குண்டுக்கு விரைந்த சுற்று வேண்டும். .303இன் குழல் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று, இடப்புறமாக. அதன் நீண்ட, கனத்த குண்டுக்கு அது பொருந்தியது. மாற்றுக் குழல் வாங்குவோர் தமக்குக் கிடைக்கக்கூடிய தோட்டா எது என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். இந்தியாவில் தோட்டாவின் வகைகள் மிகக் குறைவு என்பதால், இங்கே மட்டும் இக்கணக்கு எளிதாகிவிடுகிறது.

எஃகு பற்றி ஒரு சொல். குரோம்-மாலிப்டினம் கலந்த எஃகு வேட்டைக் குழலுக்குப் போதுமானது. துருப்பிடிக்காத எஃகு என்பது பெயரளவில்தான்; உப்புப் படிந்தால் அதுவும் புள்ளி விழும், சற்றுத் தாமதமாக. உட்சுவரில் குரோமியப் பூச்சு இட்ட குழலைப் போட்டியாளர்கள் ஏளனமாகப் பார்ப்பர். பூச்சின் தடிமனைச் சீராக வைப்பது கடினம், ஆகவே உச்சத் துல்லியம் கிட்டாது. ஆனால் ஆண்டில் ஐந்து மாதம் சுவரே வியர்க்கும் வங்காளத்தில், காட்டுப்பன்றியை எண்பது கெஜத்தில் எதிர்கொள்ளும் ரைஃபிளுக்கு, பரிசு வாங்கும் குழலைவிடப் பூச்சிட்ட குழலே தக்கது. மெட்ஃபோர்டின் கதை இங்கே மீண்டும் பொருந்துகிறது.

இத்தனையும் சரியாக அமைந்த குழலும், தவறாகப் பொருத்தப்பட்டால் இரும்புக் குழாய்தான். பூட்டின் முகத்துக்கும் தோட்டாவின் அடிப்பகுதிக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி மிக நுண்ணியது. கூடினால் பித்தளை உறை பிளந்து எரிவாயு பின்னோக்கி வரும், சுடுபவரின் கண்ணருகே. லீ-என்ஃபீல்டின் நான்காம் எண் வகையில் இதைச் சரிசெய்யவே வெவ்வேறு நீளமுள்ள பூட்டுத்தலைகள் எண்ணிட்டுத் தரப்பட்டன. அவ்வகைக்கு முந்தைய ரைஃபிள்களில் குழலைத் தாங்கும் முன்தண்டு மரத்தின் பொருத்தமும் துல்லியத்தைத் தீர்மானிக்கும். வங்காளத்தின் ஈரத்திலும் வடமேற்கின் வறட்சியிலும் அந்த மரம் பிளந்ததால் அதைக் குறுக்காக இறுக்க ஒரு சிறு திருகு சேர்க்கப்பட்டது. உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் அதை இன்றும் இஷாப்பூர்த் திருகு என்றே அழைக்கிறார்கள். ஒரு சிற்றூரின் பெயர் ஒரு திருகில் நிலைபெற்றது, அங்கே யாரோ பிளந்த மரத்தைக் கையிலெடுத்துப் பார்த்ததால்.

இவையெல்லாம் இன்று யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துடன் வேட்டை முடிந்தது. அது முடிந்தது நன்றே. கொல்கத்தாவின் சுடுதல் மன்றங்களிலிருந்து 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் வரை சென்ற ஜாய்தீப் கர்மாகர் போன்றோருக்கு வேறு கருவி, வேறு வழி உண்டு. ஆனால் வேட்டை என்ற சொல்லை விட்டுவிட்டு அச்செயலை அரசே மீண்டும் அழைத்து வருகிறது. பிகாரின் சில மாவட்டங்களில் நீலான்களும் காட்டுப்பன்றிகளும் தீங்குயிர்களாக அறிவிக்கப்பட்டபின், 2016 ஜூனில் மொகாமாவில் வெளியூர்ச் சுடுநர்களைக் கொண்டு இருநூறுக்கும் மேற்பட்ட நீலான்கள் கொல்லப்பட்டன. 2022 மே மாதத்தில் கேரள அமைச்சரவை, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது; சுடவேண்டியவர்கள் ஊரில் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர். அவர்களுள் பலரிடம் இருப்பவை பழைய துப்பாக்கிகள். நன்னடத்தை விசாரிக்கப்பட்டிருக்கும், எண் ஒப்பிடப்பட்டிருக்கும். குழலின் உட்புறத்தை யாரும் அளந்ததில்லை.

தேய்ந்த குழலிலிருந்து வரும் குண்டு எங்காவது சென்று சேரும். நெஞ்சுக்குக் குறிவைத்தது வயிற்றில் பாய்ந்தால் பன்றி ஓடும். இரண்டு நாள் புதரில் கிடந்து சாகும், அல்லது மறுநாள் காலை ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டச் செல்பவரை எதிர்கொள்ளும். முற்றிலும் விலகிச் செல்லும் குண்டு அடுத்த வீட்டின் சுவர் வரை போகும். இந்தக் கொலைகள் தேவைதானா என்ற விவாதம் தனியே நடக்கட்டும், நடக்க வேண்டும். ஆனால் அரசு ஒரு குடிமகனைத் தன் சார்பில் சுடச் சொல்லும்போது, அவர் கையிலுள்ள குழல் குறிவைத்த இடத்தில் சுடும் என்பதற்குப் பொறுப்பேற்க வேண்டியதும் அரசே. காயமின்றிக் கொல்வது என்ற காட்டுயிர் அறம், கடைசியில் அங்குலத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் வந்து நிற்கிறது.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. இஷாப்பூரில் அளவிகளும் அழுத்தச் சோதனைக் கூடமும் ஏற்கெனவே உள்ளன. 2021 அக்டோபரில் பழைய வாரியம் கலைக்கப்பட்டு ஆலை ஓர் அரசு நிறுவனத்தின்கீழ் வந்தபின், தனியாருக்கு விற்கும் ஆர்வமும் அங்கே பெருகியிருக்கிறது. புதிய துப்பாக்கியை விற்பதோடு, உரிமம் பெற்ற பழைய ரைஃபிளின் உள்ளளவை எடுத்துச் சான்றளிக்கும் பணியை அவ்வாலை தொடங்கலாம். தகுதியற்றுப்போன குழலைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, சோதித்து, அதே எண்ணைப் பதித்து, பழைய குழலை அங்கேயே வெட்டி அழிக்கலாம். உரிமத்தில் குழல் மாற்றத்துக்கென ஒரு வரி இருந்தால் போதும். ஜாதவ்பூரிலும் சிப்பூரிலும் உள்ள பொறியியல் நிறுவனங்களுக்கு நுண்ணளவியல் புதிதன்று. மாவட்ட அளவில் பரிசோதனை தேவைப்பட்டால் அத்தகைய துறைகளின் உதவியைப் பெறலாம்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. குழலைப் புதுப்பிப்பது தனியார் கைகளிலுள்ள துப்பாக்கிகளின் ஆயுளை நீட்டும். தேய்ந்து ஓயட்டும் என்று விடுவதே ஆயுதக் குறைப்புக்கு நல்லது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும் இதே நோக்கில்தான். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் தேய்ந்த துப்பாக்கி ஓய்வதில்லை. சுடுவது நிற்காமல், குறி தப்புவது மட்டும் கூடுகிறது. குறைக்க வேண்டுமென்றால் உரிமத்தைக் குறைக்கலாம், அதற்குச் சட்டம் இருக்கிறது. உரிமத்தை வைத்துக்கொண்டு துருவைக் கொள்கையாக்குவது நிர்வாகமாகாது.

இன்னொரு எதிர்வாதம் முங்கேரைக் காட்டும். மீர் காசிம் தலைநகரை அங்கே மாற்றிய பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து துப்பாக்கித் தொழில் வேரூன்றிய அவ்வூரில், உரிமம் பெற்ற பட்டறைகளோடு கள்ளப் பட்டறைகளும் இயங்குகின்றன. அவற்றின் சரக்கு கொல்கத்தாவிலும் பிடிபடுகிறது. குழல் மாற்றத்தை அனுமதித்தால் இவர்களுக்கு வழி திறக்கும் என்பது அச்சம். உண்மையில் கதவு மூடியிருப்பதால்தான் அரைகுறைக் குழல்களுக்குத் தேவை உண்டாகிறது. அளந்து, சோதித்து, எண் பதித்துத் தரும் ஓரிடம் இருந்தால், அளக்கப்படாத குழலை வாங்க நேர்மையான உரிமதாரருக்குக் காரணம் இராது.

டல்ஹௌசியின் பழைய கடைகளில் எஞ்சியிருக்கும் பேரேடுகளையும், ஆலையின் அளவுப் பதிவேடுகளையும் இப்போதே படியெடுத்து வைக்க வேண்டியதும் அவசரம். எந்த ரைஃபிள் எந்த ஆண்டு பழுதுக்கு வந்தது, குழலில் என்ன கண்டார்கள், யார் கையெழுத்திட்டார் என்பன போன்ற செய்திகள் அவற்றில் கிடைக்கக்கூடும். அதே ஈரம் தாளையும் தின்கிறது.